இடுப்பில் ஒரு புண்

பௌர்ணமி வந்தால் எங்கள் ஊர் வீடுகள் எல்லாம் சத்திரங்கள்தான். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் உறவுக்காரர்கள் கிரிவலத்துக்கென்று வந்து இறங்கிவிடுவார்கள். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு. விடியற்காலையில் திரும்பி வந்து கூடத்தில் வரிசையாகச் சாய்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு வெந்நீர் போட்டு, காபி போட்டு, இட்லி ஊற்றி எடுப்பதற்குள் எனக்கு வீட்டுக்குள்ளேயே இரண்டு கிரிவலம் ஆகிவிடும்!

சென்ற வருஷம் மாசிப் பௌர்ணமிக்குச் செங்கத்துப் பெரியம்மா வந்திருந்தார். வயது 66. இந்த வயதிலும் மலையைச் சுற்றிவிட்டு வந்து, குளித்துவிட்டுத்தான் உட்காருவார். உள்ளறையில் புடவை மாற்றிக்கொண்டிருந்தவருக்குத் துண்டு கொடுக்கப் போனேன். பாவாடை நாடா உட்காரும் இடத்தில், வலது பக்கம், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். மேலே மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து அப்பியிருந்தது. ஓரங்கள் மட்டும் தடித்து, மேடாக, சுருண்டாற்போல இருந்தன.

"இது என்னா பெரிம்மா?"

"அது கெடக்குது கண்ணு. நாடா உரசின புண்ணு. வரும், போவும்."

"எத்தினி நாளா இருக்குது?"

விரல் விட்டு எண்ணினார். "போன ஆடிக்கு முந்தின ஆடி..."

ஒன்றரை வருஷத்துக்கு மேல்! இந்த ஒன்றரை வருஷத்தில் மஞ்சள் போட்டாயிற்று, வேப்பிலை அரைத்துப் போட்டாயிற்று, மருந்துக் கடையில் "படைக்குப் போடற ட்யூப்" என்று கேட்டு வாங்கி மூன்று வகை ஆயின்ட்மென்டும் போட்டாயிற்று. டாக்டரிடம் மட்டும் காட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "இடுப்புப் புண்ணைப் போயி ஆம்பிள டாக்டர்கிட்ட எப்படிடீ காட்டறது?" என்கிறார். வீட்டில் மகன், மருமகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது பகீரென்றது. காரணம் சொல்கிறேன். சகோதரிகள் இதைப் படித்துவிட்டுப் பயந்துபோகவும் வேண்டாம், அலட்சியமாகப் புரட்டிவிடவும் வேண்டாம்.

தோலில் புற்றுநோய் என்றால் வெள்ளைக்காரர்களுக்கு வருவது, வெயிலால் வருவது, முகத்தில் வருவது என்றே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அதில் உண்மை உண்டு. நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற பொருள் வெயிலின் கெடுதலைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அண்ணாமலையார் ஊர் அக்னி வெயிலிலும் நாம் தப்பித்துக்கொண்டிருப்பது அந்தக் கறுப்புக் குடையின் தயவில்தான். (அந்தக் குடையைச் சுரண்டி எடுக்க, முகத்தை வெளுக்க வைக்கிற கிரீமுக்கு நாம் காசு வேறு கொடுக்கிறோம்! சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு இருக்கும் பெண்களின் அம்மாக்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.)

ஆனால், கறுப்புத் தோல்காரர்களுக்கு இந்த நோய் வரும்போது, வெயில் படாத இடமாகப் பார்த்து வருவது வழக்கம். பழைய தீக்காயத் தழும்பு, வருஷக் கணக்கில் ஆறாத புண், உள்ளங்கால், இடுப்பு என்று நாம் துணியால் மூடி வைத்திருக்கும் இடங்கள்.

இடுப்பைப் பற்றி நம் நாட்டில் எழுதியது இன்று நேற்றல்ல. 1945-ஆம் வருஷத்திலேயே பம்பாய் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் கானோல்கரும் சூர்யாபாயும், பழக்கவழக்கங்களால் இந்தியர்களுக்கு வரும் புற்றுநோய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒன்று, வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுவதால் வரும் தோல் புற்று. அதே நோய் புடவை கட்டும் பெண்களுக்கு வந்தபோது 'புடவைப் புற்று' என்றே டாக்டர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். 2024-இல் மகாராஷ்டிரத்து வார்தாவிலும் பீகாரிலும் உள்ள டாக்டர்கள் சேர்ந்து இரண்டு பெண்களைப் பற்றி ஓர் ஆங்கில மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஒருவருக்கு வயது 70. 18 மாதமாக இடுப்பில் ஆறாத புண். இன்னொருவருக்கு அறுபதுகளின் கடைசி. இரண்டு வருஷப் புண், நோய் தொடையிடுக்கு நெறிக்கட்டி வரை போயிருந்தது. குற்றவாளி புடவைகூட இல்லையாம். உள்பாவாடையின் நாடாதானாம். இந்தச் செய்தியை நான் படித்து அதிக நாள் ஆகவில்லை. அதனால்தான் பெரியம்மாவின் இடுப்பைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது.

எப்படி வருகிறது? கயிறு போன்ற நாடாவை ஒரே இடத்தில், தினம் பதினாறு மணி நேரம், நாற்பது ஐம்பது வருஷம் இறுக்கிக் கட்டுகிறோம். அதிலும் முடிச்சு விழும் இடத்தில் அழுத்தம் அதிகம். போதாக்குறைக்குச் சாவிக்கொத்து, சுருக்குப்பை எல்லாவற்றையும் அங்கேயே செருகுகிறோம். அடுப்படிச் சூட்டில் வியர்வை வேறு ஊறுகிறது. முதலில் அந்த இடம் கறுக்கும். பிறகு சொரசொரப்பாகிச் செதில் உதிரும். அரிக்கும், சொறிவோம். தோல் மெலிந்து வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். இப்படி ஆறுவதும் உடைவதுமாக வருஷக் கணக்கில் போனால், புதுத் தோலைக் கட்டுகிற அணுக்கள் எங்கோ ஒரு நாள் ஒழுங்கு தப்பிப் பெருக ஆரம்பித்துவிடும்.

காஷ்மீரத்திலும் இதே கதைதான், வேறு உருவத்தில். அங்கே குளிருக்குக் 'காங்ரி' என்னும் தணல் சட்டியை மேலங்கிக்குள் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொள்வார்கள். வயிற்றிலும் தொடையிலும் சூடு பட்டுப் பட்டு, அந்த இடத்தில் புற்று வந்ததை எல்ம்ஸ்லி என்ற பாதிரி டாக்டர் 1866-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஒவ்வொருவரும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வீர்கள். தெரியும்! புடவை கட்டும் நம்மில் யாருக்குத்தான் அங்கே கறுத்த வளையம் இல்லை? அந்த வளையம் புற்றுநோய் அல்ல. கோடிக்கணக்கான பெண்களுக்கு அது கறுப்போடு நின்றுவிடுகிறது. புற்றாக மாறுவது மிக அபூர்வம். கவனிக்க வேண்டியது புண்ணைத்தான். நாலு வாரம் தாண்டியும் ஆறாத புண், ஆறி ஆறி அதே இடத்தில் உடையும் புண், ஓரம் மேடு கட்டும் புண், லேசாகத் தொட்டாலே ரத்தம் கசியும் புண், காலிஃபிளவர் போல் முளைக்கும் சதை. இவற்றில் எது இருந்தாலும் ஐந்தாவது வாரம் மஞ்சளும் வேண்டாம், ட்யூபும் வேண்டாம், நேரே டாக்டர்தான். வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் இது வலிக்காது. அதுதான் இதன் சூது.

பெரியம்மாவிடம் வருகிறேன். "நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், பெண் டாக்டர்கிட்டயே காட்டலாம்" என்றேன். வெட்கம் ஒருவாறு தீர்ந்தது. ஆனால், "கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டு பண்ணுவாங்க" என்று நான் வாய் தவறிச் சொன்னதும், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கத்தி மட்டும் வெக்க வுட மாட்டேன். கத்தி பட்டா அது பரவும். நம்ம பகவானுக்கே என்னா ஆச்சு? வெட்ட வெட்ட வளந்துதே!"

எங்கள் ஊரில் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்வது கஷ்டம். ரமணாசிரமத்து வாசலில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கதை எல்லா வீட்டிலும் தெரியும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1949-ஆம் வருஷத் தொடக்கத்தில் பகவான் ரமணரின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. பெரிதாக யாரும் நினைக்கவில்லை. பிப்ரவரியில் ஆசிரமத்து டாக்டரே அதை வெட்டி எடுத்தார். ஒரு மாதத்துக்குள் அது பெரிதாகத் திரும்பி வந்தது. மார்ச்சில் சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்து இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். அது சார்கோமா என்ற புற்று என்று தெரிந்தது. ரேடியம் வைத்தியம் நடந்தது. ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பரில் நான்காவது ஆபரேஷன். நடுவே பச்சிலைக் கட்டு, ஓமியோபதி என்று எல்லாமும் பார்த்தார்கள். கையையே எடுத்துவிட்டால் பிழைக்க வழி உண்டு என்று டாக்டர்கள் சொன்னபோது பகவான் வேண்டாம் என்றுவிட்டார். 1950, ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 8.47-க்கு ஜோதியில் கலந்தார்.

இதில் கத்தி என்ன தப்பு செய்தது? நான் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். சார்கோமா என்பது தோலில் பிறப்பதல்ல. தோலுக்கு அடியில் சதை, கொழுப்பு, நரம்பு போன்றவற்றில் பிறப்பது. பார்க்க உருண்டையாக, தனியாகக் கழன்று வந்துவிடும்போல இருக்கும். ஆனால் சுற்றியுள்ள சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத வேர்கள் விட்டிருக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் வேர் தங்கி, மறுபடி முளைக்கும். வெட்டியதால் அது முளைப்பதில்லை. முழுவதும் வெட்டப்படாததால் முளைக்கிறது. 1949-இல் உள்ளே வேர் எதுவரை போயிருக்கிறது என்று காட்ட ஸ்கேன் ஏது? இன்று முதலில் ஸ்கேன் எடுத்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, இன்னது என்று தெரிந்த பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள். பல பேருக்குக் கையையும் காலையும் காப்பாற்றியே சிகிச்சை முடிகிறது. பகவான் உடம்பையே ஒரு பாரமாக நினைத்தவர். அவருக்கு அது சரி. பேரன் பேத்தி எடுக்கிற நமக்கு உடம்பு வேண்டும்!

தோலுக்கடியில் தட்டுப்படும் உருண்டைகளில் பெரும்பாலானவை வெறும் கொழுப்புக் கட்டிகள், ஒன்றும் செய்யாது. ஆனால் வளர்ந்துகொண்டே போகிற கட்டி, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதான கட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்த கட்டி, இவற்றைச் சும்மா விடக் கூடாது. கட்டியோ மருவோ எதை எடுத்தாலும், "எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பறீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மச்சம், மரு இவற்றைச் சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்துப் பொசுக்கிவிடுகிற கை வைத்தியம் இன்னும் நடக்கிறது. அது தழும்பும் போடும், கெட்டதாக இருந்தால் மேலே மூடி உள்ளே வளரவும் விடும். சாமிக்கு உப்பு மிளகு போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சாதாரண மருவும் பாலுண்ணியும் பெரும்பாலும் தானாகவே உதிர்ந்துவிடும். சாமிக்கும் நல்ல பெயர்!

இத்தனையும் சொல்லித்தான் பெரியம்மாவை அழைத்துப் போனேன். டாக்டரம்மா திரைச்சீலையை இழுத்துவிட்டு, பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். மரத்துப்போக ஊசி போட்டு, ஓரத்திலிருந்து பாசிப்பயறு அளவு சதை எடுத்தார். ஒரு தையல். பெரியம்மா எழுந்து உட்கார்ந்து, "அவ்ளோதானா?" என்றார்.

ரிப்போர்ட் வரும் வரை நான் தூங்கவில்லை. வந்தது. புற்றுதான். ஆனால் தோலோடு நின்றிருந்தது, நெறிக்கட்டிக்குப் போகவில்லை. புண்ணைச் சுற்றி நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து அகலமாக எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கிவிட்டது. (புற்றுநோய் என்றதும் நிலத்தை விற்க ஓடாதீர்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நம் பக்கத்துக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசாங்கத்தின் அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய கான்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது.)

கிரிவலத்தில் தொடங்கினேனே, காலைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. நம் போன்ற நிறக்காரர்களுக்கு மெலனோமா என்ற கொடிய கறுப்புப் புற்று வந்தால், உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இவற்றில்தான் அடிக்கடி வரும். ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1977-இல் தெரிந்தது, 1981-இல் 36 வயதில் போய்விட்டார். ஆகவே மலையைச் சுற்றி வந்து வெந்நீரில் காலை வைக்கும்போது, அப்படியே உள்ளங்காலைத் திருப்பி ஒரு பார்வை பாருங்கள். புதிதாக வந்த கறுப்புத் திட்டு, ஓரம் கோணல்மாணலாகப் பரவுவது, ஒரே திட்டில் இரண்டு மூன்று நிறம், ஒரே ஒரு நகத்தில் மட்டும் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு. இவை இருந்தால் காட்டிவிடுங்கள். பிறந்ததிலிருந்து மாறாமல் இருக்கும் மச்சத்துக்குப் பயம் வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கால் மரத்திருக்கும். புண் இருப்பதே தெரியாது. அவர்கள் காலை வீட்டில் வேறு யாராவது பார்க்க வேண்டும்.

பழைய தீக்காயத் தழும்பையும் அப்படித்தான். சின்ன வயதில் ஸ்டவ் வெடித்தோ, கஞ்சி கொட்டியோ பட்ட தழும்பு இருபது முப்பது வருஷம் கழித்துத் தானாக வெடித்து ஆறாமல் இருந்தால், "பழைய தழும்புதானே" என்று விடாதீர்கள்.

குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரு சிறு சேதி. நம்மில் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது இன்னும் உண்டு. அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு இரண்டு வயதுக்குள்ளேயே, வெயில் படும் முகத்திலும் கையிலும் மிளகைத் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாக விழும். கொஞ்ச நேர வெயிலுக்கே தோல் வெந்துபோகும், கண் கூசும். தோல் தன் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் பிறவியிலேயே குறைந்த நோய் இது. சின்ன வயதிலேயே புற்றில் கொண்டுவிடும். பிறவியிலேயே தலைமுடியும் தோலும் வெளுத்த குழந்தைகளுக்கும் வெயில் ஆகாது. இவர்களுக்கு மட்டும் முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில் கிரீம் எல்லாம் மருந்துக்குச் சமம். மற்றக் குழந்தைகள் காலை வெயிலில் தாராளமாக விளையாடட்டும். பகல் பத்திலிருந்து மூன்று மணி வரை குடையோ நிழலோ இருந்தால் போதும். இடையில் அரைஞாண் கயிறு கட்டும் வழக்கம் இருந்தால், குழந்தை வளர வளரத் தளர்த்துங்கள். கீழே ஒரு விரல் நுழைய வேண்டும்.

கடைசியாகப் பாவாடை விஷயம். புடவையை விடச் சொல்ல நான் யார்? நாடாவை மாற்றினால் போதும். தைக்கக் கொடுக்கும்போது மேல் பட்டியை நாலு விரல் அகலத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். கயிறு போன்ற நாடாவை எடுத்துவிட்டு, தட்டையான அகலப் பருத்தி நாடா கோருங்கள். முடிச்சை ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்று மாற்றிப் போடுங்கள். குளித்ததும் இடுப்பை ஈரம் போகத் துடைத்த பிறகே கட்டுங்கள். ராத்திரி படுக்கும்போது தளர்த்திவிடுங்கள், அல்லது நைட்டி போட்டுக்கொள்ளுங்கள். "இந்த வயசுல எனக்கு நைட்டியா!" என்று பெரியம்மா மாட்டேன் என்றுவிட்டார். அகலப் பட்டிப் பாவாடை மட்டும் ஆறு தைத்துக் கொடுத்தேன்.

தீபத்துக்கு வந்திருந்தார். தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருக்கிறார். அன்று கூடத்தில் பதினோரு பெண்கள். நான் காபி கலந்துகொண்டு வந்தால் ஒருத்தரைக்கூடக் காணோம். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பெரியம்மா நடுவில் உட்கார்ந்து, "வெக்கப்படாத, காட்டுடீ" என்று ஒவ்வொருத்தியாக இடுப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பத்துப் பேருக்கு வெறும் கறுப்பு வளையம். போளூர்க்காரி ஒருத்திக்கு ஆறு வாரமாக ஆறாத சிராய்ப்பு. மறுநாள் காலை அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது நானல்ல, பெரியம்மாதான்.